ஆக்டிங் செகரட்டரியம்மா

சிங்கப்பூர் கெர்பாவ் ரோட்டில் அந்த மாடி ஜன்னலிலிருந்து நீட்டிய மூங்கில் கழியில் ஒரு சிவப்புக் கொடியும் ஒரு வெள்ளைக் கொடியும் காய்வதைப் பார்த்துவிட்டு, ஒருமுறை சீருடை இல்லாமல் வந்த போலீஸ்காரர் ஒருவர் மாடியேறி வந்துவிட்டார். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. சிவப்புத் துணி என்றாலே கம்யூனிஸ்டு என்று சர்க்கார் மிரண்ட காலம்.

"ஐயா, இது கட்சிக் கொடி இல்ல லா. கிரவுண்டு கொடி. தரை நல்லாருந்தா வெள்ள, ஈரமா இருந்தா சிவப்பு. அம்புட்டுத்தான்" என்றான் மாணிக்கம், சோப்பு நுரைக் கையோடு.

போலீஸ்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளேயிருந்து சந்திரமதி வந்து ஆபீஸ் இங்கிலீஷில் நாலு வாக்கியம் பேசினாள். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவில் அவள் கிளார்க், அவன் மைதானத்தைப் பராமரிக்கும் தலைமை கிரவுண்ட்ஸ்மேன், கொடிகள் இரண்டும் மைதானத்துச் சொத்து. அதைக் கேட்டபிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கோப்பி குடித்துவிட்டு இறங்கிப் போனார். பக்கத்து அறை முத்தாயி, தேக்கா சந்தையில் மசாலா அரைத்து விற்பவள், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள், அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த வீட்டைக் 'கட்சி ஆபீஸ்' என்றே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை. காலையில் ஒரே பச்சை பஸ்ஸில் புக்கித் தீமா ரோட்டில் ஏறுவார்கள். ஒரே இருக்கையில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அவன் மடியில் டிபன் கேரியர் இருக்கும், அவள் மடியில் கைப்பை இருக்கும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால் இருவரும் வேற்றாள். அவன் மைதானத்துப் பின்வாசல் வழியாகப் போவான். அவள் குடையை விரித்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போவாள். சேர்ந்து நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், ஆபீஸில் நடப்பதை அவள் வீட்டில் சொல்கிறாள் என்பார்கள் என்று சந்திரமதி வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே போட்ட சட்டம் அது. மைதானத்தில் அவள் அவனை 'மிஸ்டர் மாணிக்கம்' என்பாள். அவன் அவளை 'கிளார்க்கம்மா' என்பான். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் மறுபடி 'என்னங்க', 'ஏ புள்ள' ஆகிவிடும்.

கொடி விஷயத்துக்கு வருவோம். அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டி நடக்கும் நாள் விடிந்ததும் தலைமை கிரவுண்ட்ஸ்மேன் செருப்பில்லாமல் ஓடுபாதையைச் சுற்றி வருவான். வளைவுகளில் நின்று குதிகாலை ஊன்றி அமுக்கிப் பார்ப்பான். பிறகு கொடிமரத்தில் வெள்ளையோ சிவப்போ ஏற்றுவான். ஏற்றிவிட்டால் ஏற்றியதுதான். விளையாட்டுப் பிரிவை நடத்திய வெள்ளைக்காரச் செகரட்டரி ஒருவர்கூட அவன் கொடிமேல் கை வைத்ததில்லை. ஆனால் மாணிக்கத்துக்கு ஒரு கர்வம் இருந்தது. தன் தரை ஈரமாயிருக்கிறது என்று ஒத்துக்கொள்வதற்கு அவனுக்கு மனசு வராது. மழை பெய்தால் விடியுமுன்னே ஆட்களைக் கூட்டிவந்து சாக்கால் தண்ணீரை ஒற்றியெடுத்து, மணல் தூவி, எப்படியோ வெள்ளையை ஏற்றிவிடுவான். 'வெள்ளக்கொடி மாணிக்கம்' என்று அவனுக்குப் பேரே உண்டு. சிவப்புக் கொடி வருஷாவருஷம் துவைப்பதற்கு மட்டும்தான் வெளியே வந்தது.

சந்திரமதியின் கதை வேறு. டைப்பிஸ்டாகச் சேர்ந்து கிளார்க் ஆனவள். ஒவ்வொரு வெள்ளைக்காரச் செகரட்டரி கப்பல் ஏறும்போதும், அடுத்தவர் வந்து சேரும்வரை அவளை 'ஆக்டிங்' செகரட்டரி ஆக்குவார்கள். ஜன்னலோரச் சின்ன மேசையிலிருந்து அவள் பெரிய நாற்காலிக்கு மாறுவாள். புதியவர் வந்ததும் கைப்பையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு மறுபடி சின்ன மேசைக்குப் போவாள். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நாற்காலி மாறும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மியில் மிளகாயை அரைக்கும் வேகத்தில்தான் தெரியும்.

"எத்தன நாளைக்கு லா ஆக்டிங்கு? நாடகக்காரியாட்டம்" என்பாள் முத்தாயி.

"நடிச்சு நடிச்சே ஒரு நாளு நெசமாயிரும், பாருங்கக்கா" என்பாள் இவள்.

சுயாட்சி வந்தது. கடைசி வெள்ளைக்காரச் செகரட்டரியும் போனார். இனி அந்த இடத்துக்கு உள்ளூர் ஆள்தான் என்று முடிவாயிற்று. நாலாம் முறையாகச் சந்திரமதி பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த முறை எழுந்திருக்கக்கூடாது என்று மனசுக்குள் கச்சை கட்டிக்கொண்டாள். விளையாட்டுக் கமிட்டித் தலைவர் டாக்டர் செல்லத்துரை, யாழ்ப்பாணத்துக்காரர், அவளைக் கூப்பிட்டுப் பேசினார்.

"இஞ்ச பாரும் பிள்ளை. கமிட்டியில கொஞ்சப் பேருக்கு மனமில்லை. பொம்பிளை, அதிலயும் கலியாணம் கட்டினவ, புருசனும் இதே இடத்தில வேலை எண்டு கதைக்கினம். வாற ஜனவரி விளையாட்டு மீட்டை வடிவா நடத்திக் காட்டும். பிறகு கன்ஃபர்ம் பண்ணுறதுக்கு நான் கதைக்கிறன்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அதை மாணிக்கத்திடம் சொன்னாள். அவன் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்ப மீட்டு நடந்தே தீரணும்" என்றான். அவன் சொன்ன விதத்தை அவள் அப்போது கவனிக்கவில்லை.

ஜனவரி மழையைப் பற்றிச் சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்க வானம் ஓட்டை. தேக்கா வாய்க்கால் ரோட்டுமட்டத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை விட்டது. மாணிக்கம் அன்று வீட்டுக்கே வரவில்லை. தன் உதவியாள் ரவூப்பையும் மற்ற ஆட்களையும் வைத்துக்கொண்டு மைதானத்திலேயே தங்கிவிட்டான்.

சனிக்கிழமை காலை சந்திரமதி தனியாகப் பஸ் ஏறினாள். நீலக்கரைச் சேலை, புதுச் செருப்பு. இறங்கியதும் கொடிமரத்தைத்தான் பார்த்தாள். வெள்ளைக் கொடி. 'மாரியாத்தா, கண்ணத் தொறந்துட்டே' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோலாலம்பூரிலிருந்து வந்த குழு கூடாரத்தில் கால் நீவிக்கொண்டிருந்தது. ஒரு மைல் ஓட்டத்துக்குக் கோப்பை கொடுக்கும் பெரிய மனிதர் பத்து மணிக்கு வருகிறார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தூரத்து வளைவுப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய தாழ்ந்த இடத்தில், கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனாள். அங்கே பச்சை மரவாசம் அடித்தது. மைதானத்தில் மரவாசம் ஏன் வருகிறது? குனிந்து பார்த்தாள். புல்லுக்கடியில் மரத்தூள். காலாங் மர ஆலையிலிருந்து சாக்கு சாக்காக வந்திருக்க வேண்டும். அதன்மேல் வெட்டிய புல்லை மெல்லத் தூவி, அதன்மேல் சுண்ணாம்புக் கோட்டை நேர்த்தியாகப் போட்டிருந்தார்கள். பார்வைக்குப் பட்டுப்போல இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்து வருஷமாக அவன் செய்வதைப் பார்த்தபடியே, குதிகாலை ஊன்றி அமுக்கினாள். கால் கணுக்கால்வரை போயிற்று. சேற்றுத்தண்ணீர் சேலைக்கரையை நனைத்தது.

சேற்றுக் காலோடே கொடிமரத்துக்கு நடந்தாள். மாணிக்கம் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரவூப் தலை குனிந்து நின்றான்.

"மிஸ்டர் மாணிக்கம், வளைவுல என்ன?"

"வளைவுக்கென்ன கிளார்க்கம்மா? நல்லாருக்கு."

"கால வச்சுப் பாத்தேன்."

அவன் அவள் காலைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "ஏ புள்ள, சும்மா இரு. மீட்டு நடந்தாத்தான ஒன்ன கன்ஃபர்ம் பண்ணுவாங்க? ஒனக்காகத்தான் ராவெல்லாம் கெடந்து செத்தேன். ஓடுற பசங்க வளைவுல கொஞ்சம் பாத்து ஓடிக்குவாங்க லா."

"மைல் ஓட்டத்துல அந்த வளைவ எத்தன தடவ சுத்துவாங்க? முதல் சுத்துல தூள் வெலகிரும். ரெண்டாவது சுத்துல எவனாவது கால ஒடிச்சுக்குவான். கொடிய எறக்குங்க."

"என் கொடிய நான் எறக்க மாட்டேன்."

கூடாரத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கயிற்றின் முடிச்சைச் சந்திரமதியே அவிழ்த்தாள். வெள்ளைக் கொடி சரசரவென்று கீழே வந்தது. சிவப்பைக் கோத்து ஏற்றினாள். மாணிக்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்துவிட்டான்.

அழ நேரமில்லை. குழுத் தலைவர்களை வரிசையாகக் கூப்பிட்டாள். வளைவு இல்லாத போட்டிகள் மட்டும் நடக்கும். நூறு கஜம், தடை ஓட்டம், குண்டு எறிதல் நடக்கும். மைல் உட்பட மற்றவை வேறு நாளைக்கு. ஒலிபெருக்கிக்காரனிடம் புது வரிசையைச் சொல்லி, கயிறுகளை மாற்றிக் கட்டச் சொல்லி, பத்து மணிக்கு முதல் ஓட்டத்தைச் சொன்னபடி விட்டுவிட்டாள். அந்தச் சேற்றுக் காலோடுதான் எல்லாம்.

டாக்டர் செல்லத்துரை வந்ததும் முகம் கறுத்துப்போனார். "என்ன பிள்ளை, விளையாடுறீரோ? கோப்பை குடுக்க ஆள் வந்து இருக்கிறார். மைல் ஓட்டம் இல்லையெண்டால் அவருக்கு நான் என்ன சொல்லுறது? விடிய வெள்ளைக் கொடி எண்டல்லோ ஃபோன் வந்தது? ஆர் ஏத்தினது?"

தானே தெரியாமல் ஏற்றச் சொன்னதாகச் சொல்லலாம். சொன்னால் புருஷன் தப்புவான், இவள் போவாள். அதைவிட, அது பொய்.

"ஹெட் கிரவுண்ட்ஸ்மேன் ஏத்தினார். தப்பு. நான் இறக்கிட்டேன். அவருக்கு என்ன செய்யணுமோ அத நானே செய்யறேன், டாக்டர்."

செய்தாள். திங்கட்கிழமை ஆபீஸுக்கு அவனைக் கூப்பிட்டு, பெரிய நாற்காலியில் உட்கார்ந்தபடி, இந்த வருஷம் முழுக்கக் கொடி ரவூப்பின் கையில் என்று சொன்னாள். "சரிங்க மேடம்" என்றான் அவன். கிளார்க்கம்மாகூட இல்லை, மேடம். கமிட்டியும் கூடியது. கோப்பைக்காரருக்கு மனத்தாங்கல், ஆகையால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆக்டிங் ஆக்டிங்காகவே நின்றது.

கெர்பாவ் ரோட்டு வீட்டில் அதன்பிறகு பாத்திரங்கள்தான் பேசின. பஸ்ஸில் அவன் பின்னிருக்கைக்குப் போய்விட்டான். நெத்திலிச் சம்பல் வைத்தால் தொடமாட்டான். வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். கொடிகள் ரவூப்போடு கேலாங்கில் அவன் வீட்டுக்குப் போய்விட்டதால் மூங்கில் கழியில் சேலையும் வேட்டியும் மட்டும் தொங்கின.

"கட்சிய கலச்சுட்டீங்களா?" என்றாள் முத்தாயி. இருவரும் சிரிக்கவில்லை என்றதும் அவளுக்கே சங்கடமாகிவிட்டது. தனியாகச் சந்திரமதியிடம், "ஆம்பளைய ஊரறிய நீ எறக்கிட்டேன்னு கேள்விப்பட்டேன். கால்ல விழுந்துட்டா முடிஞ்சுபோச்சு லா" என்றாள்.

"கொடியத்தான்க்கா எறக்கினேன். அவர இல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாய் திறந்தான். கறி வெந்துகொண்டிருந்தது.

"எனக்காகவா செஞ்சேன்? ஒனக்காகத்தான செஞ்சேன்? அத ஒரு வார்த்த நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சுப் பாத்தேன். அதுதாங்க ரொம்ப வலிச்சுது. மழ பேஞ்சாலும் இவ சமாளிச்சுக்குவான்னு ஒங்களுக்குத் தோணவே இல்ல. பொய்த் தரையில நிக்க வச்சாத்தான் இவ நிப்பான்னு நெனச்சுட்டீங்க."

"என்கிட்ட ஒரு வார்த்த தனியா சொல்லிருக்கலாம்."

"வீடா இருந்தா சொல்லிருப்பேன். அது கிரவுண்டு."

அன்றைக்கு அவன் கறியைச் சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு கேட்டான்.

மார்ச்சில் வெயில் ஏறியதும் அந்த வளைவில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து சந்திரமதி பார்த்தாள். மாணிக்கம் இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தான். யாரும் சொல்லாமலே வாய்க்காலுக்கு வடிகால் வெட்டத் தொடங்கியிருந்தான். நாலு நாள் கழித்து ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். உடம்பெல்லாம் செம்மண்.

"மண் கொழா வேணும், மேடம்."

"எத்தனன்னு அளந்து சொல்லுங்க, மிஸ்டர் மாணிக்கம். வாங்கித் தரேன்."

"அடியில கருங்கல்லும் போடணும்."

"போடுவோம்."

கமிட்டியில் இரண்டு பேர் 'புருஷனுக்கு வாங்கிக் கொடுக்கிறாள்' என்று முணுமுணுத்தார்கள். சந்திரமதி அந்த இரண்டு பேரையும் சேறு காயாத வளைவுக்கே அழைத்துப்போய், "செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வையுங்கள்" என்றாள். குழாய் வந்துவிட்டது. ஆடி, ஆவணி என்று மாதங்கள் போயின. மாணிக்கம் பஸ்ஸில் பின்னிருக்கையிலிருந்து நடுஇருக்கைக்கு வந்தான். தீபாவளிக்கு முந்திய வாரம் பழைய இருக்கைக்கே வந்து, ஒன்றும் நடக்காததுபோலக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டான்.

அடுத்த ஜனவரி வந்தது. தண்டனை முடிந்து கொடிகள் வீட்டுக்குத் திரும்பின. இந்த வருஷம் கோப்பை கொடுக்க வருகிறவர் போன வருஷத்தவரைவிடப் பெரிய ஆள். மீட் சனிக்கிழமை, கமிட்டி திங்கட்கிழமை. இனியும் தள்ளிப்போட்டால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் செல்லத்துரை சொல்லிவிட்டிருந்தார். மாணிக்கத்துக்கும் இது தெரியும். வீட்டில் அவள் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. துவைத்த கொடிகளைக் கழியில் போட முடியாமல் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அவன் காயப்போட்டபோது, வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் போனார்கள். இறங்கியதும் வழக்கம்போலப் பிரிந்தார்கள். சந்திரமதிக்குக் கால் மைதானத்துப் பக்கம் இழுத்தது. வளைவில் போய் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டால் என்ன? கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கொடி அவன் வேலை. அவனிடம் கொடுத்தது கொடுத்ததுதான். ஆபீஸில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மேசைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வருஷம் முழுக்க அவன் உயிரைக் கொடுத்து வெட்டிய வடிகால் அது. அது தோற்றுவிட்டது என்று அவன் ஊருக்குச் சொல்வானா? வெள்ளைக்கொடி மாணிக்கம் அல்லவா அவன்?

கொடிமரத்துக் கப்பி கிரீச்சிட்டது. அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தூறலுக்கு நடுவே சிவப்புக் கொடி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றை இழுப்பவன் மாணிக்கம்தான். உச்சிக்குப் போனதும் முடிச்சைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அடியிலேயே நின்றான். சந்திரமதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இது துக்கம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த எதுவும் இதற்கு ஈடாகாது என்று தோன்றியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டெலிபோனை எடுத்தாள்.

"டாக்டர், இன்னிக்கு மீட் இல்ல. அடுத்த சனிக்கிழமை. குழுக்களுக்கு நான் சொல்லிடறேன், விருந்தாளிக்கு நீங்க சொல்லிடுங்க."

"வளைவுக்கு வடிகால் வெட்டினதெண்டீர்?"

"வெட்டியாச்சு. தரை இன்னும் சரியில்ல. கிரவுண்ட்ஸ்மேன் சிவப்பு ஏத்திட்டார்."

"ஆற்ற முடிவு இது?"

"கொடி அவரோடது. முடிவு என்னோடது."

"திங்கட்கிழமை கமிட்டி. நினைவிருக்கோ?"

"இருக்கு, டாக்டர்."

அவர் தொண்டையைச் செருமினார். "போன வருசம் பெடியள் அந்த வளைவில ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு நான் பிறகுதான் யோசிச்சனான். திங்கட்கிழமை அதைத்தான் கதைக்கப்போறன். சரி, செகரட்டரி, ஆக்களுக்கு அறிவிச்சுவிடும்."

அத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவள் டெலிபோனை வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்குள் இறங்கினாள்.

மாணிக்கம் நனைந்துபோய் நின்றான். கால் முழங்கால்வரை சேறு.

"வளைவு கல்லுமாதிரி இருக்கு, மேடம். ஒரு சொட்டு நிக்கல" என்றான் முதலில். அதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. பிறகு குரல் இறங்கியது. "ஆனா நேர்ப்பாதையில தண்ணி கட்டிக்கிச்சு. இந்த வருஷம் அங்க வெட்டணும். இன்னிக்கு ஓட்ட முடியாது."

"சொல்லியாச்சு. அடுத்த சனிக்கிழமைக்கு மாத்திட்டேன்."

"திங்கக்கெழம…" என்று இழுத்தான்.

"அத நான் பாத்துக்கறேன்."

குடையை அவன் தலைக்குமேல் நீட்டினாள். அவன் சட்டென்று ஓரடி தள்ளி நின்று, முன்வாசல் பக்கம் பார்த்தான். கோலாலம்பூர்க் குழு பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ரவூப் சாக்கோடு நின்று இவர்களையே பார்த்தான்.

"ஏ புள்ள, பாக்குறாங்க லா."

"பாக்கட்டும். உள்ள வாங்க. கோலாலம்பூர்க்காரங்களுக்கு நிலைமைய ரெண்டு பேருமா சேந்து சொல்லுவோம்."

ஒரே குடையில் இருவரும் நேர்ப்பாதைத் தண்ணீரில் காலை அளைந்துகொண்டு முன்வாசலைப் பார்த்து நடந்தார்கள்.